பன்னிரண்டு கதவுகள்

எங்கள் வீட்டுக் குசினியில் பன்னிரண்டு கதவுகள் இருந்தன. மேலே சுவரோடு ஒட்டியபடி ஐந்து; கீழே அடுப்பு மேடைக்கும் கழுவுதொட்டிக்கும் அடியில் ஏழு. பத்து ஆண்டுகளாக அந்த வீட்டிலேயே உண்டு உறங்கி வாழ்ந்து வருகின்ற நான் அவற்றை முதன்முதலாக எண்ணியது 2024 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையிலேதான். அதற்கு முன்னர் எண்ணவேண்டிய தேவை எனக்கு ஏற்பட்டதில்லை. தேநீர் விறாந்தைக்கு வந்தது. சோறு மேசைக்கு வந்தது. இரண்டும் எங்கிருந்து வந்தன என்பதைத் தமிழ்ப் பட்டதாரியாகிய நான் ஆராய்ந்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் இவற்றை இப்பொழுது அலுமாரி என்று சொல்பவர் அரிது. 'பான்ட்ரி' என்றே சொல்கின்றார்கள். வீடு கட்டுகின்றவர் கூரை போடுவதற்கு முன்னரே பான்ட்ரியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகின்றார். எங்கள் பான்ட்ரி 2014 ஆம் ஆண்டிலே, எங்கள் திருமணத்துக்குச் சில வாரங்களின் முன் பூட்டப்பட்டது. சட்டங்கள் வேப்பமரம், கதவுகள் மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை, அவற்றின்மேல் கண்ணாடிபோல மினுங்குகின்ற வெள்ளை எனாமல். அதற்கு இடம் காண்பதற்காக வீட்டின் பின்புறத்து அறையொன்று குசினியாக்கப்பட்டது. பழைய குசினி இடிக்கப்பட்டது. வீட்டிலிருந்து சற்று விலகி, தாழ்ந்த ஓட்டுக் கூரையும் புகைபோக்கியும் உடையதாய் நின்ற சிறு கட்டடம் அது. புகை வேறு, வீடு வேறு என்று அறிந்தவர்கள் கட்டியது. எரிவாயு இருக்கும்பொழுது இனிப் புகை ஏது என்று நாங்கள் எண்ணினோம்.

அந்த எண்ணம் எட்டு ஆண்டுகள் செல்லுபடியாயிற்று. 2021 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களிலே எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் நாடெங்கிலுமிருந்து வந்தன. அடுத்த ஆண்டு பங்குனி தொடக்கம் எரிவாயுவே வரவில்லை. 2021 ஒக்டோபர் வரை 1493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ உருளையின் கொழும்பு விலை 2022 ஏப்ரல் இறுதியில் 4860 ரூபாவாயிற்று. அந்த விலையைக் கொடுக்கச் சித்தமாய் வரிசையில் நின்றவர்களுக்கும் உருளை கிடைக்கவில்லை. அதே ஏப்ரல் 12 ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 95 அளவில் உயர்ந்து நின்றது. சம்பளம் மட்டும் எங்கள் பாடசாலை மதிலைப் போல நின்ற இடத்திலேயே நின்றது.

பழைய குசினியை இடிக்காமல் விட்டிருந்த அயலவர்கள் அதைக் கூட்டிப் பெருக்கி மீண்டும் அடுப்பு மூட்டினார்கள். எங்களுக்கு இடிந்த அத்திவாரம் மட்டுமே மிஞ்சியிருந்தது. முற்றத்தில் மூன்று கற்களை வைத்து மனைவி சமைத்தாள். மழை வந்தபொழுது அந்த மூன்று கற்களும் பான்ட்ரிக்குள் வந்தன. பன்னாடையும் ஊமலும் பொச்சுமட்டையும் எரிந்தன. வெளியேற வழியில்லாத புகை, முகம் தெரிகின்ற அந்த வெள்ளைக் கதவுகளின்மீது படிந்தது. பின்னர் எரிவாயு ஒழுங்காகக் கிடைத்தபொழுது கதவுகளின் நிறம் பழைய பத்திரிகைக் கடதாசியின் நிறமாகியிருந்தது. அடுப்பருகே சாயத் தேநீரின் நிறம். சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். பிசுக்குப் போயிற்று, நிறம் போகவில்லை.

கனடாவில் இருக்கும் என் தங்கை ஒருநாள் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கையில் இதைக் கண்டுவிட்டாள். "அண்ணா, உதென்ன கோலம்? கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு போடுங்கோ. நான் காசு அனுப்புறன்" என்றாள். நகரத்துக் கடையொன்றிலிருந்து இளைஞர் ஒருவர் வந்து அளவெடுத்தார். நாலு இலட்சத்து எண்பதினாயிரம் என்று எழுதித் தந்தார். என் எட்டு மாதச் சம்பளம் அது. கனடாக் காசில் அது பெரிய தொகையன்று என்று தங்கை சொன்னாள். தான் இரண்டு இடங்களில் வேலை செய்வதை அவள் சொல்லவில்லை. அது நான் அறிந்ததே. எனினும், உண்மையைச் சொன்னால், நான் சம்மதிக்கும் நிலையிலேதான் இருந்தேன்.

மனைவி அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தாள். அவளும் ஆசிரியை, ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கின்றாள். "கதவுக்கு என்ன பழுது? நிறந்தானே பழுது. நிறத்தை மாத்துங்கோ" என்று சொல்லிவிட்டு அரிசி கழுவப் போய்விட்டாள்.

நிறத்தை மாற்றுவது இலகுவான காரியம் என்று நினைத்தேன். ஒரு சிறிய தகரம் எனாமலும் ஒரு பிறஷும் வாங்கிவந்து, ஒரு கதவைக் கழுவித் துடைத்து, அதன்மேலேயே பூசினேன். மாலையில் பார்த்தபொழுது மிக அழகாக இருந்தது. மூன்றாம் நாள் என் ஐந்து வயது மகன் நகத்தால் ஒரு மூலையைக் கிள்ளினான். அவித்த உருளைக்கிழங்கின் தோலைப்போல அது முழுதாக உரிந்து வந்தது. பையனுக்குப் பெருமகிழ்ச்சி; கதவு முழுவதையும் உரித்து முடித்துவிட்டு அடுத்த கதவு எப்பொழுது என்று கேட்டான்.

உரிந்த தோலைக் கடதாசியில் மடித்து எடுத்துக்கொண்டு, அந்தப் பான்ட்ரியைச் செய்த ஓடாவியாரிடம் போனேன். எழுபது வயதைக் கடந்தவர். அவருடைய பட்டறையிலே முன்பு நாலு பேர் வேலை செய்தார்கள் என்பார்கள். இப்பொழுது தனியாகக் கதிரைக் கால்களுக்குப் பசை வைத்துக்கொண்டும், பிணைச்சல் மாற்றிக்கொண்டும் இருக்கின்றார். கடைகளிலே ஆயத்தமாக வரும் பலகைகளை ஒரே நாளில் பூட்டிவிட்டுப் போகும் இளைஞர்களோடு அவர் போட்டியிட இயலாது. தோலை வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

"மாஸ்டர், உது கண்ணாடி மாதிரி. கண்ணாடியிலை பெயின்ற் நிக்குமே? முதலிலை அந்தக் கண்ணாடியைக் கெடுக்கோணும்."

பின்பு செய்யவேண்டியதை வரிசையாகச் சொன்னார். கதவுகளைக் கழற்றி இலக்கம் இடவேண்டும். சலவைச்சோடா கரைத்த சுடுநீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவவேண்டும். பிசுக்கு இருக்கும்போது தேய்த்தால் அது பலகைக்குள் அழுந்திவிடும். உலர்ந்தபின் இருநூற்றிருபதாம் இலக்கச் சாண்ட்பேப்பரால் மினுக்கம் முழுவதும் மங்கும்வரை தேய்க்கவேண்டும். பூச்சைச் சுரண்டி எடுக்கவேண்டியதில்லை. முகம் தெரியாமற் போனாற் போதும். தூசியை ஈரத்துணியால் துடைத்து, மினுக்கத்திலும் பிடிக்கக்கூடிய அடிப்பூச்சு ஒன்று. அது காய்ந்தபின் மெல்லத் தேய்த்து, மெல்லிய பூச்சாக இரண்டு. "தடிப்பாய்ப் பூசினியள் எண்டால் வடியும், சுருங்கும்" என்றார். வேலையை எனக்குக் கற்பிப்பதில் அவருக்கு ஓர் உற்சாகம் வந்திருந்தது. அந்த உற்சாகத்திலேதான், நான் கேளாமலே, மற்றதையும் சொன்னார்.

"உங்கட மாமா அந்த நேரம் மூண்டு தரமாத்தான் காசு தந்தவர். முதல் காசு மாமியின்ரை காப்பை அடைவு வைச்சது. இரண்டாவது ஆரிட்டையோ வட்டிக்கு எடுத்தது. கடைசிக் காசு வெங்காயம் கிண்டின பிறகு. நான் சொன்னனான், அண்ணை, உந்த மினுக்கம் வேண்டாம், சாதாரணமாச் செய்வம், அரைவாசிக் காசோடை முடியும் எண்டு. மனிசன் கேக்கேல்லை. 'மாப்பிள்ளை பகுதி வந்து பாக்கேக்கை அதிலை அவையின்ரை முகம் தெரியோணும்' எண்டிட்டார்."

மாப்பிள்ளை பகுதி என்று அவர் சொன்னது எங்களை.

அந்தப் பெண்பார்க்கும் வைபவம் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றது. "வீடு சரி, காணியும் சரி, குசினிதான் பழங்காலத்துக் குசினி" என்று என் தாயார் சொன்னார். அது ஒரு கோரிக்கையாகக்கூடச் சொல்லப்படவில்லை. அக்கா சிரித்தாள். தரகர் அதைக் கவனமாகக் கேட்டு வைத்துக்கொண்டார். நான் அந்நேரம் முற்றத்து மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்திலே சீதனக் கொடுமையைப் பற்றி மேடையேறி முழங்கிக் கைதட்டல் வாங்கியவன் நான். சஞ்சிகைகளுக்கு எழுதியும் இருக்கின்றேன். திருமணத்துக்குப் பின்னர் நண்பர்களிடம், "சீதனமென்று நான் ஒரு சதமும் கேட்கவில்லை" என்று சொல்லிக்கொள்வேன். இலக்கண வழுவற்ற வாக்கியம். எழுவாய், செயப்படுபொருள், எதிர்மறைப் பயனிலை எல்லாம் சரியாக இருந்தன. நான் கேட்கவில்லை; கேட்கப்பட்டது.

வீடு மனைவியின் பெயரில் இருக்கின்றது, ஆகவே இது அவளுக்குத்தானே போய்ச் சேர்ந்தது என்று சமாதானம் சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை சீதனத்தைப் பெண்ணின் சொத்தாகவே காட்டுகின்றது. ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் வீட்டை விற்பதாயின் கணவனுடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் எழுதிவைத்தது. பெயர் அவளுக்கு, கையெழுத்து எனக்கு. இதைப் பற்றி வேறொரு சமயம் விரிவாக எழுதவேண்டும்.

வீட்டுக்கு வந்து, மாமியின் காப்பு என்னவாயிற்று என்று மனைவியிடம் கேட்டேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"அதை மீக்கேல்லை. வட்டி ஏறி ஏலத்திலை போட்டுது."

மாமி 2019 இல் காலமானார். அவருடைய கைகளிலே கவரிங் காப்பைத் தவிர வேறெதையும் நான் கண்டதில்லை. கிராமத்துப் பெண், இதுவே அவருக்குப் பிடித்தம் போலும் என்று நினைத்திருக்கின்றேன்; நினைத்தேனோ இல்லையோ, பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே" என்றாள்.

அடுத்த நாட் காலை திருப்புளியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். வேலைக்கு அதுவே தக்க பருவம். கார்த்திகை மார்கழியிலே பூசினால் ஈரக் காற்றில் எனாமல் காயாது. வைகாசி பிறந்து சோளகம் வீசத் தொடங்கினால் ஊர்ப் புழுதி முழுவதும் ஈரப் பூச்சிலே வந்து குந்திக்கொள்ளும். இடையிலே கிடைப்பது சித்திரைதான். கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிக் கிடந்த முகக்கவசங்களும் பயன்பட்டன. அழுத்திய பலகையின் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

கதவுகளைக் கழற்றி முற்றத்துப் பாயிலே பரப்பிய பின்னரே அவற்றை நான் பார்த்தேன் என்று சொல்லலாம். கைபிடிகளைச் சுற்றி எண்ணெயும் மஞ்சளும் வியர்வையும் சேர்ந்து கறுத்த வட்டங்கள் இருந்தன. கீழ்க் கதவுகளில் அவை தடித்திருந்தன. அரிசியும் பருப்பும் எண்ணெய்ப் போத்தலும் அங்கேதான் இருந்தன. அடுப்பின் அடிக் கதவிலே முழங்கால் உயரத்தில் வேறொரு கறை இருந்தது. அது என்னவென்று விளங்கவில்லை. கேட்டபோது, இரண்டு கையிலும் சட்டி இருக்கும்பொழுது முழங்காலால் தள்ளிச் சாத்துவதால் வந்தது என்றாள். மேற்கதவுகள் ஐந்தில் இரண்டிலே இத்தகைய வட்டங்கள் இருந்தன; மற்ற மூன்றும் ஏறக்குறைய சுத்தமாக இருந்தன. அவை அவளுடைய கைக்கு எட்டாதவை. திருமணத்துக்கு வந்த கண்ணாடிக் கோப்பைகள் பெட்டி பிரியாமல் அங்கே இருந்தன. பத்து ஆண்டுகளாகத் தன் வீட்டுக் குசினியில் ஒரு பகுதிக்கு முக்காலி போட்டு ஏறவேண்டியவளாய் அவள் இருந்திருக்கின்றாள். பான்ட்ரி பூட்டிய காலத்தில் அவளுடைய உயரத்தை எவரும் அளக்கவில்லை. அளவுகள் யாவும் வாசலிலே நின்று பார்ப்பவருக்காக எடுக்கப்பட்டவை.

இன்னொன்றும் கண்டேன். புகையே படாத உட்பக்கமும் மஞ்சளித்திருந்தது. எண்ணெய் கலந்த வெள்ளை எனாமல் வெளிச்சம் படாத இடத்திலே தானாகவே மஞ்சளிக்கும் இயல்புடையது என்று பின்னர் அறிந்தேன். அப்படியானால் 2022 வராவிட்டாலும் அந்த வெள்ளை நெடுநாள் நின்றிருக்காது.

கழுவுவதற்கு ஒரு நாள் போயிற்று. இரண்டாம் நாள் தேய்க்கத் தொடங்கினேன். அந்தச் சத்தம் விறாந்தையில் இருந்த மாமாவுக்குக் கேட்டிருக்கவேண்டும். அவருக்கு இப்பொழுது கண்பார்வை குறைவு. தடியூன்றி மெல்ல வந்து பாயின் ஓரத்தில் நின்றார்.

"என்ன தம்பி தேய்க்கிறியள்?"

"பான்ட்ரிக் கதவு மாமா. பெயின்ற் அடிக்கப் போறன். மினுக்கத்தை எடுத்தால்தான் பிடிக்குமாம்."

குனிந்து, தேய்த்து முடித்த கதவொன்றின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். இரண்டு மூன்று முறை தடவினார்.

"அந்த மினுக்கத்துக்குத்தானே தம்பி காசு குடுத்தனான்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயத்துக்கு இந்தமுறை விலையில்லை என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

"தெரியும் மாமா. ஓடாவியார் சொன்னவர்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முழுக்கச் சொல்லியிருக்கமாட்டான்" என்றார்.

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். வாய்வரை வந்த சொற்கள் எல்லாம் மேடைச் சொற்களாக இருந்தன. பத்து ஆண்டுகளாக மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்பிப்பவனுக்கு அந்த முற்றத்திலே ஒரு வாக்கியம் அமையவில்லை. ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டேன். அவர் இருந்து, கையை நீட்டி, "அந்தக் கடதாசியிலை ஒரு துண்டு தாருங்கோ" என்றார்.

மூன்று நாள்கள் இருவரும் தேய்த்தோம். ஒரு கதவு ஒழுங்காக மங்கிவிட்டதா என்பதை நான் கண்ணால் பார்த்துத் தவறிவிடுவேன். அவர் உள்ளங்கையால் பார்த்துத் தவறமாட்டார். "இஞ்சை இன்னும் வழுக்குது" என்று விரல் வைத்துக் காட்டுவார். அறுபது ஆண்டுகள் மண்வெட்டி பிடித்த கை. அந்தக் கையின் தோலுக்கும் நான் பிடித்திருந்த கடதாசிக்கும் பெரிய வேறுபாடில்லை.

தேய்ப்பு வேலையில் ருசி கண்டுவிட்ட மாமா, பின்கொட்டிலிலே கிடந்த கம்பிவலை அலுமாரியையும் கொண்டுவரச் சொன்னார். அவருடைய திருமணத்தின்போது வாங்கியது. பச்சை வர்ணம் பூசியது. அதை மட்டும் நான் மறுத்துவிட்டேன். நம் நாட்டில் வர்ணப்பூச்சிலே ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரியிலேதான். அதற்கு முந்திய பழைய பூச்சைக் காய்ந்தபடி தேய்த்தால் ஈயத் தூள் பறக்கும். அது தரையிலே படிந்து குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போய்ச் சேரும். வளர்கின்ற மூளையைக் கெடுக்கும். பழைய வீடுகளிலே யன்னலும் கதவும் தேய்க்கப் புறப்படுகின்ற நண்பர்கள் இதைக் கருத்திற் கொள்ளவேண்டும். அலுமாரியைக் கழுவித் துடைத்து, தேய்க்காமலே வைத்துவிட்டோம்.

நிறத்தை மனைவி தெரிந்தெடுத்தாள். "வெள்ளையும் வேண்டாம், மினுக்கமும் வேண்டாம். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் உதைத் துடைக்கிறதிலை போகுது" என்றாள். அன்றிரவு கணக்குப் பார்த்தேன்: நாளுக்கு அரை மணித்தியாலம், பத்து ஆண்டுகளில் 1825 மணித்தியாலம். ஓர் ஆசிரியர் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு பாடசாலையில் நிற்கின்ற நேரம் அது. பாடசாலையில் நின்றதற்குச் சம்பளம் உண்டு.

இளஞ்சாம்பல் நிறம் வாங்கினோம், அரை மினுக்கம். அடிப்பூச்சு ஒரு நாள், மேற்பூச்சு இரண்டு நாள், ஒவ்வொன்றின் இடையிலும் ஓர் இரவு காயவிட்டோம். காய்ந்ததுபோல் தோன்றினாலும் எனாமல் உள்ளே இறுகுவதற்குச் சில வாரங்கள் செல்லும் என்று ஓடாவியார் எச்சரித்திருந்தார். ஆகவே மகனுக்குக் கடுமையான கட்டளை பிறப்பிக்கப்பட்டது. அவன் ஒரு கதவின் உட்பக்கத்திலே தன் பெருவிரலைப் பதித்துத் தன் எதிர்ப்பைத் தெரிவித்தான். அது அப்படியே இருக்கின்றது. எல்லாச் செலவும் முப்பதினாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. தங்கைக்குப் படம் அனுப்பினேன். "பரவாயில்லை" என்று பதில் வந்தது.

எட்டாத மேற்கதவுகள் மூன்றையும் மீண்டும் பூட்டவில்லை. அந்தப் பெட்டிகளைக் கழற்றி, ஓடாவியாரைக் கொண்டு அவற்றின் பலகையிலேயே அவளுடைய தோள் உயரத்திலே திறந்த தட்டுகள் அடித்தோம். கழுவுதொட்டியின் கீழ்க் கதவையும் காப்பாற்ற முடியவில்லை. அழுத்திய பலகை தண்ணீர் குடித்தால் தேநீரில் தோய்த்த ரஸ்க்கைப் போல ஊதிவிடும். எத்தனை பூச்சுப் பூசினாலும் திரும்பாது. அதற்கு வேப்பம் பலகையில் ஒரு கதவு செய்து தருவதாக ஓடாவியார் சொன்னார். அதுவரை மாமியின் பழைய சேலைத் துண்டொன்றை மனைவி அங்கே திரையாகக் கட்டினாள். ஆகப் பன்னிரண்டில் எட்டுத்தான் திரும்பிப் போயின.

இத்தோடு இந்தக் கதையை முடித்திருப்பேன். ஆனால் அவ்வாண்டு ஆவணியிலே அக்காவின் மகனுக்குப் பெண் பார்க்க வடமராட்சிக்குப் போகும்பொழுது என்னையும் அழைத்தார்கள். வாத்தியார் ஒருவர் கூட வருவது மரியாதை என்பது அக்காவின் கருத்து. பெண்ணின் தகப்பனார் சிறு கடையொன்று வைத்திருப்பவர். வீடு சிறியது, துப்புரவானது. தேநீர் வருவதற்கு முன்னரே அக்கா எழுந்து, "குசினியையும் ஒருக்காப் பாப்பம்" என்று உள்ளே போனாள். நானும் பின்னாலே போனேன்.

வாசலிலேயே அந்த மணம் வந்தது. புது எனாமலின் மணத்தை இப்பொழுது நான் அறிவேன். கீழ்ப்பெட்டிகள் பூட்டியாயிருந்தன. கதவுகள் வெள்ளை. அக்காவின் நீலச் சேலை அவற்றிலே அசைவது தெரிந்தது. இரண்டு கதவுகள் மட்டும் இன்னும் பூட்டப்படாமல் சுவரிலே சாத்தி வைக்கப்பட்டிருந்தன.

தகப்பனார் எங்கள் பின்னாலே விரைந்து வந்தார். இந்த முறை பார்ப்பதற்கு மாமரம் இருக்கவில்லை. "ஐயா, எங்களுக்காக எண்டால் உது வேண்டாம். உதை இதோடை நிப்பாட்டுங்கோ" என்றேன். என் குரல் எனக்கே சரியாக ஒலிக்கவில்லை.

அவருடைய முகம் வெளிறிவிட்டது. கைகளைச் சாரத்திலே துடைத்தார்.

"இல்லைத் தம்பி, இரண்டு கதவுதான் மிச்சம். அடுத்த கிழமைக்குள்ளை முடிஞ்சிடும்."

நான் விளக்கத் தொடங்கினேன். அக்கா என்னை முந்திக்கொண்டு, "தம்பி பகிடி விடுறான்" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். தேநீர் வந்தது. திரும்பி வரும் வழியிலே வாகனத்தில் அக்கா என்னோடு பேசவில்லை. பின்னரும் அவசியத்துக்கு மேல் பேசவில்லை. மகனிடம் தனியாகப் பேசிப் பார்த்தேன். "நான் ஒண்டும் கேக்கேல்லை மாமா" என்றான்.

திருமணம் 2025 தையிலே நடந்தது. நாலாஞ்சடங்கன்று பெண் வீட்டுக்குப் போனேன். பெண்ணின் தகப்பனார் படலைவரை வந்து என் கையைப் பிடித்து, மற்றவர்களை விறாந்தையில் இருக்கவிட்டு, என்னை மட்டும் நேரே குசினிக்கு அழைத்துச் சென்றார். எல்லாக் கதவுகளும் பூட்டியாயிற்று என்று ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக் காட்டினார்.